சந்திரன் நடுங்கிய காரணம்: கொழும்புப் பாடசாலை ஒன்றின் வானியல் மென்பொருளில் வரைகலைக் கோளாறுகள் தீர்ந்த விதம்

கணினி விளையாட்டில் ஒரு சுவர் மின்னினால் விளையாடுபவர் எரிச்சலோடு கடந்து போவார். உலகத்துச் சுவர்கள் அப்படித்தான் மின்னும் என்று யாரும் நம்பப்போவதில்லை. வானியல் மென்பொருளில் அப்படி இல்லை. சனியின் வளையத்தில் பொய்க் கோடு ஒன்று தெரிந்தால், அது பொய் என்று பத்தாம் தரப் பிள்ளை ஒருத்திக்குத் தெரிய வழியே இல்லை. அவள் சனியை வேறெங்கும் பார்த்ததில்லை. திரையில் வந்ததுதான் அவளுக்குச் சனி. ஆகவே, கோளாறு கண்ணுக்கு மறைந்தால் போதும் என்ற சமாதானத்துக்கு இந்த வேலையில் இடம் கொடுக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொண்டோம். காரணம் தெரிய வேண்டும், அது தீர வேண்டும்.

கொழும்பில் இதற்குக் கனம் இன்னும் கூட. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய நட்சத்திரங்கள்தான் தெரியும். காலி வீதியின் வெளிச்சமும் கடற்காற்றின் ஈரமும் மற்றவற்றை விழுங்கிவிடுகின்றன. இந்த அகலாங்கில் துருவ நட்சத்திரம் வட அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 7 பாகை உயரத்தில்தான் நிற்கும். அந்த உயரத்தை அடுக்குமாடிகள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. ஸ்டான்லி விஜேசுந்தர மாவத்தையில் கோள்மண்டலம் இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் கைத்தொழிற் கண்காட்சியை ஒட்டி, பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்கவின் கைவண்ணத்தில் தாமரை போல எழுந்த கட்டடம் அது. அங்கே பல தசாப்தங்களாக வானத்தைக் காட்டியது காரல் சைஸ் கருவி. நுண்துளைகளின் வழியே ஒளி கூரையில் விழும், அவ்வளவுதான். அந்த நட்சத்திரம் நடுங்காது. வானத்தைக் கணினிக்குள் கொண்டுவரும்போது ஒவ்வொரு நட்சத்திரமும் எண்ணாகிறது. எண்ணை எத்தனை இலக்கம் வரை வைத்துக்கொள்வது என்ற கேள்வியும் அங்கேதான் பிறக்கிறது.

முறைப்பாடு

பாடசாலையின் வானியல் கழகத்துக்காகப் பல்கலைக்கழக மாணவர் சிலர் எழுதிய மென்பொருள் இது. சி++ மொழி, கியூட்டி நூலகம், படம் வரைய ஓபன்ஜிஎல் 3.3 என்ற வரைகலை இடைமுகம். தரையில் நின்று வானம் பார்ப்பதற்கு ஸ்டெல்லாரியம் என்ற வானியல் மென்பொருளைத்தான் கழகம் நெடுநாளாகப் பயன்படுத்துகிறது. அதற்கு மாற்றாக இதை எழுதவில்லை. 2019 டிசம்பர் 26ஆம் திகதி வடக்கைக் கடந்துபோன கங்கண சூரிய கிரகணத்தை, விண்வெளியிலிருந்தும் யாழ்ப்பாணத்துத் தரையிலிருந்தும் மாறி மாறி, தமிழ் விளக்கத்தோடு காட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். பிறகு சனியும் சேர்ந்தது, வியாழனும் சேர்ந்தது.

பொறுப்பாசிரியை தந்த முறைப்பாட்டுத் தாள் தெளிவாக இருந்தது. சந்திரனுக்கு அருகே போனால் அது நடுங்குகிறது. சனியின் உருண்டையில் வரிக்குதிரை போலக் கோடுகள் ஊர்கின்றன. பூமியின் மேகங்கள் அசையாமல் நின்று திடீரென்று குதிக்கின்றன. பசிபிக் சமுத்திரத்தில் வடக்கிலிருந்து தெற்காக ஒரு மெல்லிய கோடு. நட்சத்திரங்களின் தமிழ்ப் பெயர்கள் உடைந்து தெரிகின்றன. அந்திவானத்தில் படிப்படியாக வளையங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே குற்றவாளியாக வரைகலை அட்டையைத்தான் நிறுத்தியிருந்தார்கள். கணினி அறையில் இருப்பவை இன்டெலின் பழைய உள்ளமைந்த வரைகலை கொண்ட இயந்திரங்கள். மண்டபத்து மடிக்கணினியில் தனி அட்டை இருந்தாலும் குளிரூட்டி இல்லாத மண்டபத்தில் அது சூடாகிவிடும். புதிய அட்டை வாங்கக் கழகத்தின் சேமிப்பை எடுப்பது என்ற முடிவுக்கே வந்துவிட்டிருந்தார் ஆசிரியை. “கொஞ்சம் பொறுங்கள் மிஸ், அட்டை குற்றவாளியா என்று முதலில் பார்ப்போம்” என்று கேட்டுக்கொண்டேன்.

அட்டையை விடுவித்தது

மூன்று எளிய சோதனைகள். எந்த வரைகலைக் கோளாறுக்கும் நான் இவற்றையே முதலில் செய்வேன், மற்றவர்களுக்கும் இதையே சொல்வேன்.

திரையைப் படம்பிடித்துப் பார்ப்பது முதலாவது. படத்தில் கோளாறு பதிந்திருந்தால் புரொஜெக்டரும் கேபிளும் நிரபராதிகள். படத்தில் இல்லாமல் சுவரில் மட்டும் தெரிந்தால் பழுது வெளியே இருக்கிறது. மண்டபத்தில் படம் குறுக்கே கிழிந்ததுபோல ஒரு தோற்றமும் இருந்தது. அது மட்டும் படத்தில் பதியவில்லை. திரையின் புதுப்பிப்போடு ஒத்திசையும் அமைப்பை இயக்கியவுடன் போய்விட்டது.

இரண்டாவது, காலத்தையும் கமராவையும் உறையவைத்துவிட்டுக் காத்திருப்பது. சூட்டால் வரும் பழுது ஓய்வதில்லை. எதுவும் அசையாத காட்சியிலும் புள்ளிகள் இடம் மாறி மாறித் தெறிக்கும். எங்கள் காட்சியில் எல்லாம் அப்படியே உறைந்து நின்றன. சந்திரனின் நடுக்கம் நின்றது, சனியின் வரிகள் நின்ற இடத்திலேயே நின்றன. உள்ளே போகும் எண்கள் மாறாதபோது படமும் மாறவில்லை என்றால் பழுது கணக்கில் இருக்கிறது.

மூன்றாவது தீர்ப்பையே எழுதிவிட்டது. மேசா திறமூல வரைகலைத் தொகுப்பில், அட்டையைத் தொடாமல் மத்திய செயலியைக் கொண்டே முழுப் படத்தையும் வரையும் வழி ஒன்று உண்டு. லினக்ஸில் ஒரு சூழல் மாறியை அமைத்தால் போதும். மென்பொருள் ஆமை வேகத்தில் ஓடியது. ஆனாலும் சனியின் வரிகள் அதே இடத்தில், பசிபிக்கின் கோடு அதே இடத்தில், உடைந்த பெயர்கள் அதே உடைவோடு. அட்டையே இல்லாத இடத்திலும் பழுது வருகிறது. கழகத்தின் சேமிப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று.

நடுங்கிய சந்திரன்

மென்பொருள் எல்லாப் பொருள்களின் இடத்தையும் சூரியனை மையமாக வைத்து, கிலோமீட்டரில், 32 பிட் ஃப்ளோட் எண்ணாக வைத்திருந்தது. அந்த 32 பிட்டில் எண்ணின் இலக்கங்களுக்குக் கிடைப்பது 24 பிட்தான், அதாவது தசமத்தில் ஏழு இலக்கம் சொச்சம். பூமியோ சூரியனிலிருந்து சராசரியாக 149,597,870 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒன்பது இலக்கம்.

எழுதிய மாணவரை அழைத்து இந்த எண்ணையே ஃப்ளோட்டில் இட்டுத் திரும்ப அச்சிடச் சொன்னேன். 149,597,872 என்று வந்தது. மூல எண்ணில் ஒன்றைக் கூட்டி மீண்டும் இடச் சொன்னேன். மீண்டும் 149,597,872. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. நகரவே இல்லை. ஒரு கட்டத்தில் ஒரே தாவலாக 149,597,888. இரண்டின் 27ஆம் அடுக்குக்கும் 28ஆம் அடுக்குக்கும் இடையே, அதாவது 134,217,728க்கும் 268,435,456க்கும் இடையே, ஃப்ளோட்டின் அடுத்தடுத்த எண்களுக்கு நடுவில் 16 இடைவெளி. கோட்டையிலிருந்து மொறட்டுவைக்குப் போகும் தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்கு இடையில் எங்கேயும் நிற்க இந்த எண்ணுக்கு இடமில்லை. சனி இருக்கும் தூரத்தில் இந்தத் தாவல் 128 கிலோமீட்டராகிவிடுகிறது. அங்கே என்சலடஸ் என்ற துணைக்கோளின் விட்டமே ஏறத்தாழ 504 கிலோமீட்டர்தான். தன் விட்டத்தில் கால்வாசியைத் தாண்டித் தாண்டி அது சனியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்தக் காரணம்தான் சரி என்று உறுதிப்படுத்தியது இன்னொரு விடயம். அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிரகண நாளில் சந்திரனின் நடுக்கம் எல்லாத் திசையிலும் இல்லை. சூரியனை நோக்கிய திசையில் முன்னும் பின்னுமாக மட்டும் அது ஆடியது. குறுக்கே பார்த்தால் ஏறத்தாழ அமைதி. மென்பொருளின் அச்சுகள் பூமி சூரியனைச் சுற்றும் தளத்தில் போடப்பட்டவை. டிசம்பர் கடைசியில் பூமி ஓர் அச்சின் மேலேயே கிட்டத்தட்ட வந்து நிற்கிறது. அந்த அச்சில் ஆள்கூறு 14 கோடியைத் தாண்டுகிறது, தாவல் 16 கிலோமீட்டர். மற்ற அச்சில் ஆள்கூறு ஒரு கோடி அளவுதான், தாவல் ஒரே கிலோமீட்டர். காலத்தை பெப்ரவரித் தொடக்கத்துக்கு நகர்த்தினோம். அப்போது பூமி இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இருக்கும். இரண்டு ஆள்கூறுகளும் பத்துக் கோடி சொச்சம், தாவல் இரண்டிலும் 8. சந்திரன் இரண்டு திசையிலும் சம அளவில் நடுங்கியது. சூடான அட்டைக்கு மாதம் தெரியாது, திசை தெரியாது. எண்ணின் பருமனுக்கு மட்டும்தான் அது தெரியும்.

தீர்வு என்று பார்த்தால் 64 பிட் டபுள் எண்ணுக்கு மாறுவதுதான். அதில் 53 பிட் கிடைக்கிறது. சனியின் தூரத்தில்கூடத் தாவல் கால் மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். மாணவர் அதை ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார். “டபுளுக்கு மாற்றினேன் அண்ணா, நடுக்கம் போகவே இல்லை” என்றார். அவருடைய கோப்பைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. இடங்களெல்லாம் டபுளில் இருந்தன. ஆனால் வரைகலை அட்டையில் ஓடும் சிறு நிரலான ஷேடருக்கு அனுப்பும் முன் அவை ஃப்ளோட்டாகச் சுருக்கப்பட்டன. கமராவின் இடத்தைக் கழிப்பது அதற்குப் பிறகு, ஷேடருக்குள்ளே நடந்தது. இலக்கங்களைத் தொலைத்துவிட்டுக் கழித்தால் கழித்தலின் விடையில் மிஞ்சுவது தொலைந்த இலக்கங்களின் குப்பைதான்.

வரிசையை மாற்றினோம். பொருளின் இடத்திலிருந்து கமராவின் இடத்தை டபுளிலேயே கழிப்பது. கிடைக்கும் சிறிய வேறுபாட்டை மட்டும் ஃப்ளோட்டாக்கி அட்டைக்கு அனுப்புவது. சந்திரனிலிருந்து 5,000 கிலோமீட்டரில் கமரா நின்றால் அட்டை பார்க்கும் எண் 5,000 அளவில்தான் இருக்கும். அங்கே ஃப்ளோட்டின் தாவல் அரை மீட்டர். அதாவது உலகத்தின் மையம் எப்போதும் கமராவிலேயே இருக்கிறது. அண்டம் அதைச் சுற்றி நகர்கிறது. சந்திரன் அசையாமல் நின்றது.

மேகங்கள் குதித்ததும் இதே நோயின் இன்னொரு முகம். காலத்தை ஜூலியன் நாள் என்ற தொடர் எண்ணாக வைப்பது வானியலில் வழக்கம். கிரகண நாள் தொடங்கியபோது அந்த எண் 2,458,843.5. மேகப்படலத்தைச் சுழற்றும் ஷேடருக்கு இந்த எண்ணை ஃப்ளோட்டாகவே அனுப்பியிருந்தார்கள். இந்த அளவில் ஃப்ளோட்டின் தாவல் 0.25. கால் நாள், ஆறு மணி நேரம். பூமி வழுக்கிக்கொண்டு சுழல, மேகங்கள் ஆறு மணி நேரம் வானில் உறைந்து நின்று 90 பாகை குதித்தன. சுழற்சிக் கோணத்தை டபுளில் கணக்கிட்டு, முழுச் சுற்றுகளை நீக்கி, மிச்சத்தை மட்டும் அனுப்பியதும் தீர்ந்தது.

சனியின் வரிகள்

எந்தப் பொருள் முன்னால், எது பின்னால் என்று அட்டை தெரிந்துகொள்வது ஆழப் பஃபரின் மூலம். ஒவ்வொரு பிக்சலுக்கும் 24 பிட்டில் ஓர் ஆழ எண். மொத்தம் 16,777,216 படிகள். போதுமே என்று தோன்றும். ஆனால் படிகள் சம இடைவெளியில் போடப்படுவதில்லை. கமராவுக்கு அருகே நெருக்கமாகவும் தொலைவில் மிக அகலமாகவும் விழுகின்றன. காட்சியின் அண்மைத் தளம், அதாவது கமராவிலிருந்து வரைதல் தொடங்கும் தூரம், 1 கிலோமீட்டரில் இருந்தால், மொத்தப் படிகளில் பாதி 1 கிலோமீட்டருக்கும் 2 கிலோமீட்டருக்கும் இடையிலேயே செலவாகிவிடும். மிச்சப் பாதிதான் ஞாயிற்றுத் தொகுதி முழுவதற்கும்.

இங்கே அண்மைத் தளம் 1 கிலோமீட்டர்தான். யாழ்ப்பாணத்துத் தரையில் நின்று பார்க்கும் காட்சிக்கு அவ்வளவு அருகே தேவைப்பட்டது. சனியிலிருந்து 500,000 கிலோமீட்டரில் கமரா நிற்கும்போது ஆழத்தின் ஒரு படி எவ்வளவு என்று கணக்குப் போட்டோம். ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். சனியின் நடுக்கோட்டு ஆரை 60,268 கிலோமீட்டர். சி வளையத்தின் உள்விளிம்பு மையத்திலிருந்து 74,658 கிலோமீட்டர். இரண்டுக்கும் இடைவெளி 14,390. ஒரு படிக்குள் இரண்டும் அடங்கிவிடுகின்றன. எது முன்னால் என்று அட்டைக்குத் தெரியவில்லை. பிக்சலுக்குப் பிக்சல் முடிவு மாறுகிறது. அந்தத் தடுமாற்றம்தான் வரிகளாக ஊர்ந்தது.

குறுக்கு வழிகள் பல உண்டு. வளையத்தின் ஆழத்தைச் சிறிது பொய்யாக முன்னே தள்ளலாம். அப்படிச் செய்தால் உருண்டைக்குப் பின்னால் மறைய வேண்டிய வளையம் விளிம்பில் எட்டிப் பார்க்கும். அண்மைத் தளத்தைத் தூரத் தள்ளலாம். அப்போது யாழ்ப்பாணம் மறையும். இரண்டையும் விலக்கினோம்.

நேர்மையான வழிகள் மூன்று. ஆழத்தை மடக்கை அளவில் எழுதுவது ஒன்று. அதற்கு ஒவ்வொரு பிக்சலிலும் ஷேடரே ஆழத்தை எழுத வேண்டும். மறைந்துபோகும் பிக்சல்களை முன்கூட்டியே தள்ளிவிடும் வசதியை அட்டை அப்போது இழக்கிறது. கணினி அறையின் இயந்திரங்கள் அதைத் தாங்கவில்லை. இரண்டாவது, 32 பிட் ஃப்ளோட் ஆழத்தைத் தலைகீழாக, அருகே 1, தூரத்தே 0 என்று வைப்பது. அழகான வழி. புதிதாக எழுதுபவர்கள் இதையே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். ஆனால் ஆழத்தின் எல்லையை 0 முதல் 1 வரை மாற்றும் வசதி ஓபன்ஜிஎல்லில் 2014இல் வந்த 4.5 பதிப்போடுதான் நிலையான அங்கமானது. எங்கள் பழைய டிரைவர்களில் அது இல்லை.

எஞ்சியது பகுத்து வரைவது. 2001இல் வெளிவந்த செலஸ்டியா என்ற விண்வெளி மென்பொருள் இந்தப் பாதையில்தான் போனது. பொருள்களைத் தூர வரிசையில் அடுக்கி, ஒன்றோடொன்று தூரத்தில் மேவுகின்றவற்றை ஒரே தொகுதியாக்கி, ஒவ்வொரு தொகுதிக்கும் அதற்கே அளவெடுத்த அண்மைத் தளமும் சேய்மைத் தளமும் கொடுத்து, தூரத்தில் உள்ளதை முதலில் வரைவது. அடுத்த தொகுதிக்கு முன் ஆழப் பஃபரைத் துடைத்துவிடுவது. சனியும் வளையமும் ஒரு தொகுதி. 360,000 கிலோமீட்டர் முதல் 640,000 கிலோமீட்டர் வரை அதன் எல்லை. அதே 24 பிட்டில் இப்போது ஒரு படி 18 மீட்டர். 15,000 கிலோமீட்டரிலிருந்து 18 மீட்டருக்கு, புதிய அட்டை எதுவும் வாங்காமல்.

வளையத்தின் மேல் விழும் சனியின் நிழலையும் இந்தச் சந்தர்ப்பத்தில் திருத்தினோம். சனியை முழுக் கோளமாக வைத்து அந்த நிழல் கணக்கிடப்பட்டிருந்தது. சனி துருவங்களில் நன்றாகத் தட்டையானது, துருவ ஆரை 54,364 கிலோமீட்டர்தான். நிழலின் வடிவமும் அதற்கேற்ப மாற வேண்டும். யாரும் முறைப்பாடு செய்யாத பிழை அது. யாருக்கும் தெரிந்திருக்காது என்பதாலேயே அதைத் திருத்த வேண்டியிருந்தது.

பசிபிக்கில் ஒரு கோடு

ஒத்திகையின்போது ஒரு மாணவி கேட்டாள்: “அண்ணா, அதுதானே சர்வதேசத் திகதிக் கோடு?” திரையில் 180 பாகை நெட்டாங்கில், துருவத்திலிருந்து துருவத்துக்கு, சாம்பல் நிறத்தில் நூல் போல ஒரு கோடு. இடம் சரியாகவே இருந்தது. அதனால்தான் அது ஆபத்தானது. உண்மையான திகதிக் கோடு நேராகப் போவதே இல்லை. கிரிபாட்டி நாடு 1995இல் தன் கிழக்குத் தீவுகளையும் ஒரே திகதிக்குள் கொண்டுவந்தபோது அது கிழக்கே பெரிதாக வளைந்தது. எங்கள் கோடு திகதிக் கோடும் அல்ல, பூமியில் இருக்கும் எந்தக் கோடும் அல்ல.

பூமியின் படம் செவ்வகமாக இருக்கிறது. அதன் இடது ஓரமும் வலது ஓரமும் உருண்டையின் மேல் 180 பாகையில் சந்திக்கின்றன. நெட்டாங்கை ஷேடர் கணக்கிடும்போது இந்த இடத்தில் எண் 1இலிருந்து 0க்குத் தாவுகிறது. அட்டை நான்கு நான்கு பிக்சல்களாகச் சேர்த்து, பக்கத்துப் பிக்சலோடு ஒப்பிட்டுத்தான் படம் எவ்வளவு சுருங்கித் தெரிகிறது என்று அறிகிறது. தாவலைக் கண்டதும், முழு உலகப்படமும் ஒரே பிக்சலுக்குள் சுருங்கிவிட்டது என்று அது எண்ணிக்கொள்கிறது. சுருங்கிய படத்துக்கென்று முன்கூட்டியே தயாரித்து வைத்த மிப்மேப் அடுக்கில் ஆகச் சிறியதை எடுக்கிறது. அது ஒரே ஒரு பிக்சல். கடலும் நிலமும் பனியும் கலந்த சராசரி நிறம். அந்தச் சாம்பல் நிறம்தான் கோடு.

நெட்டாங்கை இரண்டு விதமாகக் கணக்கிட்டோம். ஒன்றின் தாவல் பசிபிக்கில், மற்றதன் தாவல் கிரீன்விச்சில். ஒவ்வொரு பிக்சலிலும் எது பக்கத்தோடு குறைவாக மாறுகிறதோ அதை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். படத்தை ஓரத்தில் சுற்றி மடங்கும்படி அமைத்தோம். மிப்மேப்பையே நிறுத்திவிட்டால் கோடு போய்விடும் என்று யோசனை வந்தது. போகும்தான். ஆனால் தூரத்திலிருந்து பார்க்கும்போது கண்டங்களெல்லாம் மினுமினுக்கத் தொடங்கிவிடும்.

பெயர்கள்

ஆசிரியை முதலில் திருத்தச் சொன்னது இதைத்தான். நட்சத்திரத்தின் பெயர் பிழையாக இருக்கும் திரையைப் பிள்ளைகளுக்கு முன் எப்படி வைப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மென்பொருள் ஒவ்வொரு யூனிக்கோடு குறியீட்டுக்கும் ஒரு சிறு படம் தயாரித்து, அவற்றை வந்த வரிசையிலேயே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியது. ஆங்கிலப் பெயருக்கு அது போதும். “ரோகிணி” என்ற பெயரில் முதல் எழுத்து ர, அடுத்த குறியீடு ஓகாரக் குறி. அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி எழுத்துக்கு இடப்பக்கமும் மறுபாதி வலப்பக்கமும் போக வேண்டும். திரையில் ர தனியாகவும், அதன் பின்னால் புள்ளிவட்டத்தைச் சுமந்த குறியும் நின்றன. “கேட்டை” இன்னும் மோசம். ஏகாரக் குறியும் ஐகாரக் குறியும் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. திருவாதிரை, கார்த்திகை, திருவோணம் என்று எங்கள் நட்சத்திரப் பெயர்களில் இந்த இடச்சிக்கல் இல்லாதது குறைவு.

எழுத்துருவுக்குள் எந்த வடிவம் எந்த இடத்தில் வர வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலைக்கென்றே ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நூலகம் இருக்கிறது. பெயரை முழுச் சொல்லாக அதனிடம் கொடுத்தால், வரைய வேண்டிய வடிவங்களின் வரிசையையும் ஒவ்வொன்றின் இடத்தையும் திருப்பித் தரும். சிறு படங்களை யூனிக்கோடு எண்ணின்படி சேமிக்காமல் எழுத்துருவின் வடிவ எண்ணின்படி சேமித்தோம். பெயர்கள் நிமிர்ந்தன. சிங்களப் பெயர்களுக்கும் இதே ஏற்பாடு வேலை செய்தது. சிங்களத்திலும் உயிர்க்குறிகள் இடம் மாறி அமர்பவைதான். அடுத்த பாடசாலைக்கு இதைக் கொடுக்கும்போது தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

எழுத்துகளைச் சுற்றிக் கருமையான ஓரம் ஒன்று மிச்சமிருந்தது. நிறத்தை அதன் ஒளிபுகு அளவால் முன்கூட்டியே பெருக்கி வைத்ததும் அதுவும் போனது.

மற்றவை சுருக்கமாக. அந்திவானத்துப் படிகளுக்குக் காரணம், ஒவ்வொரு நிறத்துக்கும் 256 நிலைகளே இருப்பது. மங்கலான நீலத்தில் அவற்றில் சில டசின்தான் பயன்படுகின்றன. இறுதி நிறத்தை முழு எண்ணாக்கும் முன் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறு இரைச்சலைச் சேர்த்தால் படிகள் கரைகின்றன. ஸ்டெல்லாரியத்திலும் இதற்கான அமைப்பு உண்டு. திரையின் ஓரத்துக்கு வரும்போது சிரியஸின் ஒளிவட்டம் பட்டென்று மறைந்ததற்குக் காரணம், நட்சத்திரங்களைப் புள்ளிகளாக வரைந்தது. புள்ளியின் மையம் எல்லையைத் தாண்டினால் முழுப் புள்ளியையும் வெட்டிவிடுவது ஓபன்ஜிஎல்லின் விதி. பிரகாசமான நட்சத்திரங்களை இரண்டு முக்கோணங்களாக வரைந்தோம்.

சரிபார்த்தது

அசைவெல்லாம் அடங்கிய பிறகுதான் கிரகணத்தின் பாதையை வெளியிடப்பட்ட வரைபடத்தோடு நிதானமாக ஒப்பிட முடிந்தது. உச்சத்தில் அந்தப் பாதையின் அகலம் 118 கிலோமீட்டர். யாழ்ப்பாணமும் திருகோணமலையும் அதற்குள், கொழும்பு வெளியே. எங்கள் பாதை முழுவதுமாக மேற்கே சுமார் 0.29 பாகை நெட்டாங்கு தள்ளியிருந்தது. இந்த அகலாங்கில் 32 கிலோமீட்டர் அளவு.

மாணவர் மீண்டும் ஷேடரைத் திறந்தார். இந்த முறை அது ஷேடரின் வேலை அல்ல. ஒரே அளவாக, ஒரே திசையில், எல்லா இயந்திரத்திலும் விலகும் பிழை வரைகலையில் பெரும்பாலும் பிறப்பதில்லை. கோள்களின் கணக்கு ஓடுவது சீரான காலத்தில். பூமியின் சுழற்சியோ சீரானது அல்ல. இரண்டுக்கும் 2019இல் இருந்த வேறுபாடு 69 செக்கன் சொச்சம். அந்த நேரத்தில் பூமி திரும்பும் கோணம் அதே 0.29 பாகை. மென்பொருள் இரண்டு காலத்தையும் ஒன்றாகவே எடுத்திருந்தது. திருத்தியதும் நிழல் தன் இடத்தில் விழுந்தது. 2010 ஜனவரி 15ஆம் திகதி கிரகணத்தையும் ஓட்டிப் பார்த்தோம். 333 கிலோமீட்டர் அகலம், 11 நிமிடம் 8 செக்கன் உச்ச நேரம், அதன் மையக்கோட்டை ஒட்டி யாழ்ப்பாணம். அதுவும் பொருந்தியது.

கைபேசிப் பதிப்பு இன்னும் வெளிவரவில்லை. முதல் சோதனையிலேயே சில கைபேசிகளில் சனி வளையமே இல்லாமல் வந்தது. கைபேசி ஷேடர்களில் நடுத்தரத் துல்லியம் என்று குறித்தால் பல அட்டைகள் 16 பிட் எண்களைப் பயன்படுத்தும். அவற்றில் எழுதக்கூடிய ஆகப் பெரிய எண் 65,504. சனியின் ஆரையான 60,268 கிலோமீட்டர் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் வளையங்களில் ஆக உள்ளே இருப்பதுகூட 66,900 கிலோமீட்டரில்தான் தொடங்குகிறது. வளையம் முழுவதும் முடிவிலிக்குள் விழுந்துவிட்டது. தூரத்தைச் சனியின் ஆரையால் வகுத்தால் வளையம் 1.11 முதல் 2.27 வரை அடங்கும், தெரியவும் தெரியும். ஆனால் வெளிப்புறத்தில் 16 பிட்டின் ஒரு தாவல் ஏறத்தாழ 118 கிலோமீட்டர். 325 கிலோமீட்டர் அகலமான என்கே இடைவெளி தப்பிக்கும், 40 கிலோமீட்டர் அளவே அகலமான கீலர் இடைவெளி காணாமல் போகும். ஆகவே உயர் துல்லியம் உள்ள கைபேசிகளுக்கு 32 பிட்டில் ஒரு ஷேடரும், இல்லாதவற்றுக்கு வளையத்தை முன்கூட்டியே வரைந்த படமாகக் கொடுக்கும் வழியும் எழுதிக்கொண்டிருக்கிறோம். மாணவர் இப்போது பழைய கைபேசிகளைத் தேடி நண்பர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.